எண்ணெய் குடித்த பேஸ் கிட்டார்

1. கையோடு வந்தது

வியாழக்கிழமை காலை கடையைத் திறந்ததும், பூச்சு காய்ந்துவிட்டதா என்று பார்க்க பேஸ் கிட்டாரின் கழுத்தில் நகத்தை வைத்தேன். நான் ஏற்றியிருந்த எபாக்சிப் பசைப் பூச்சு பாலாடை மாதிரி எழும்பிக் கையோடு வந்துவிட்டது. அடியில் மரம் கறுத்துப் பளபளவென்று கிடந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தக் கிட்டார் கோடம்பாக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் இருந்தாக வேண்டும்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மயிலாப்பூர் லஸ் பக்கம் ஒரு எலெக்ட்ரிக் கடையின் மாடியில் எனக்கு ஒரு அறை இருந்தது. கிட்டார், வயலின், மாண்டலின், எது வந்தாலும் ரிப்பேர் செய்வேன். பெயர் பஷீர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு, எல்லாருக்கும் நான் பாய்தான். இப்போது வேலையை விட்டுவிட்டேன். கண் சரியில்லை, பொறுமையும் போய்விட்டது. பொறுமை எப்போது இருந்தது என்று என் மனைவி கேட்கிறாள். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் எந்த பிளேடு, எந்த பசை என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்காக இந்த ஒரு வேலையைப் பற்றி எழுதி வைக்கிறேன்.

கிட்டாரைக் கொண்டுவந்தவன் ஜெரால்டு. மந்தைவெளிக்காரன், முப்பது வயதுக்குள் இருப்பான். ஒரு ஹோட்டலில் சாயங்காலம் வாசிக்கிற பேண்டில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தான். ஹோட்டல்காரர் பேண்டை நிறுத்திவிட்டு டேப் போட ஆரம்பித்துவிட்டார். கல்யாணக் கச்சேரியை நம்பி வீடு நடத்த முடியவில்லை. நங்கநல்லூரில் டைல்ஸ் கடை வைத்திருந்த அவனுடைய மச்சான், "திங்கக்கெழமைலேர்ந்து கடைக்கு வந்துடு, இனிமே டொய்ங் டொய்ங்னு சுத்திக்கினு இருந்தா என் தங்கச்சிய நான் கூட்டிக்கினு போயிடுவேன்" என்று சொல்லிவிட்டான். அந்த வாரத்தில்தான் சினிமாவில் வாசிக்க அவனுக்கு ஒரு அழைப்பு வந்தது. ஒரு பாட்டு, ஒரே ஒரு கால்ஷீட்.

அந்தப் பாட்டுக்கு ஃப்ரெட்லெஸ் பேஸ் வேண்டுமாம். வீணைக்கு மெட்டு மாதிரி கிட்டார் கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகள் இருக்கும், அவைதான் ஃப்ரெட். அவை இல்லாத கிட்டாரில் விரல் வழுக்கிக்கொண்டு போகும், குரல் மாதிரி வளையும். வழக்கமாக அதை வாசிக்கிறவர் வெளியூர் போயிருந்தார். ஹோட்டலில் வாசித்த ஃப்ரெட் உள்ள சாதா பேஸ் தவிர, ஜெரால்டிடம் பழைய சாமான் கடையில் பிடித்த ஒரு மட்டமான ஃப்ரெட்லெஸ் இருந்தது. அதை வைத்து இரண்டு வருஷமாக வீட்டில் பழகியிருக்கிறான்.

"எங்கைல இருக்கற காசு இவ்ளோதான் பாய். இதுல என்ன பண்ண முடியுமோ பண்ணிக் குடு. நல்லா வாசிச்சா அவங்க ஆளுங்க லிஸ்ட்டுல நம்ம பேரு ஏறும். இல்லாங்காட்டி திங்கக்கெழம டைல்ஸு தூக்கணும்."

அவன் கையில் இருந்த காசுக்கு, கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப் நல்லதாக வாங்க வழியில்லை. ரிச்சி தெருவில் ஒரு வால்யூம் கண்ட்ரோலும் ஷீல்டு ஒயரும் வாங்கினேன். கிட்டாரின் வயிற்றுக்குள் இரைச்சல் வராமல் இருக்க, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோகத் தாளை உரித்து உள்ளே ஒட்டி எர்த் கொடுத்தேன். கழுத்து சாய்ந்திருந்தது. கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கத்தரித்துச் சொருகினேன், நிமிர்ந்துவிட்டது. இதெல்லாம் நன்றாகவே நடந்தது. பெரிய வேலை விரல் வைக்கிற பலகைதான். மெத்தென்ற மரம், கம்பி அறுத்து அறுத்து வரி வரியாகப் பள்ளம். எத்தனை அழுத்தி வாசித்தாலும் சத்தம் டொக்கென்று செத்துவிடும். அதைச் சுரண்டிச் சமமாக்கி மேலே கண்ணாடி மாதிரி எபாக்சி ஏற்றினால் சத்தம் நின்று பாடும். அப்படி ஏற்றியதுதான் உரிந்து கையில் வந்தது.

2. மாமி சொன்னது

கலவையில் தப்பில்லை. இரண்டு ட்யூபையும் சரிசமமாகத்தான் பிசைந்திருந்தேன், பூச்சும் கல்லாட்டம் இறுகித்தான் இருந்தது. மரத்தைத்தான் பிடிக்கவில்லை. பிளேடால் கொஞ்சம் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது.

கீழே எலெக்ட்ரிக் கடை போனிலிருந்து ஜெரால்டின் வீட்டுக்காரர் நம்பருக்கு அடித்துச் சொன்னேன். சைக்கிளில் பறந்து வந்தான்.

"இன்னா பாய், தோல் உரிஞ்சி கீது?"

"நீ சொல்லு. இதுல என்ன தடவுன?"

"ஒண்ணும் தடவலயே."

"மோந்து பாரு."

மோந்து பார்த்தான். முகம் மாறியது. "அது... வீட்டுக்கார மாமி வீணை வாசிப்பாங்க பாய். நான் விரல் தேயத் தேய வாசிக்கறதப் பாத்துட்டு, ‘நாங்கள்லாம் விரல்ல எண்ணெய் தொட்டுண்டுதான் வாசிப்போம், நீயும் துளி தொட்டுக்கோயேன், வழுக்கிண்டு போகும்’னு சொன்னாங்க. சூப்பரா வழுக்கிச்சு பாய். அப்புறம் விரல்ல இன்னாத்துக்கு, பலகைக்கே தடவிடலாம்னு..."

"எத்தன நாளா?"

"டெய்லி பாய்."

மாமி சொன்னதில் குற்றமே இல்லை. வீணையில் விரல் ஓடுவது உலோக மெட்டின் மேல், மெட்டுக்கு அடியில் இருப்பது மெழுகு. எண்ணெய் எங்கேயும் இறங்காது. இங்கே விரலுக்கு அடியில் வெறும் மரம். இரண்டு வருஷமாக அந்தப் பலகைக்கு எண்ணெய் ஸ்நானம் நடந்திருக்கிறது. பக்கத்துக் கலையிலிருந்து நல்ல பழக்கத்தைக் கடன் வாங்கி வீணாய்ப்போகிறவர்களை மயிலாப்பூர் சுற்றுவட்டாரத்தில்தான் பார்க்க முடியும். எனக்கு வந்த கோபத்தில் பிளேடைத் தூக்கி மேஜையில் எறிந்தேன். அவன் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டான். அதைப் பார்த்ததும் கோபம் போய் பயம்தான் மிச்சமிருந்தது.

பழையபடி விட்டுவிடவும் முடியாது. பலகையை ஏற்கெனவே சுரண்டியாகிவிட்டது. பூச்சு ஏறாவிட்டால் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே எலி ஓடலாம்.

மிச்சப் பூச்சையும் உரித்தேன். தின்னர் விட்டுத் துடைத்தேன், துணி மஞ்சளாக வந்தது. மறுபடி துடைத்தேன், மறுபடி மஞ்சள். கடைசியில் சாக்பீஸைப் பொடித்துப் பலகை மேல் கனமாகத் தூவி, அதன் மேல் பழைய வேட்டித் துணியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். சூட்டில் எண்ணெய் கக்கும், பொடி உறிஞ்சிக்கொள்ளும். சூடு கூடிவிட்டால் பலகையைக் கழுத்தோடு ஒட்டியிருக்கும் பசையே இளகிவிடும், அப்புறம் கிட்டாரே இல்லை. வைத்து எடுத்து, புறங்கையால் சூடு பார்த்து, மறுபடி வைத்து எடுத்தேன். ஜெரால்டு பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தான். பெட்டியை விசிறுகிறானா, என்னை விசிறுகிறானா என்று தெரியவில்லை.

மத்தியானத்துக்குள் பொடி வெள்ளையாகவே வர ஆரம்பித்தது. தலைப்பக்கம் மட்டும் லேசான மங்கல் இருந்துகொண்டே இருந்தது. அவன் அதிகம் வாசிக்கிற இடம் அது. உடம்புப்பக்கம் மேல் ஸ்தாயி இடங்களில் எண்ணெயே இல்லை, அங்கே அவன் விரல் போனதே அபூர்வம். மங்கலான இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சுரண்டினேன். சாயங்காலம் இரண்டாம் தடவையாக எபாக்சி ஏற்றி, மேலே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு ராயப்பேட்டைக்கு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை நகம் வைத்தேன், வரவில்லை. தேய்த்துப் பாலிஷ் போட்டுக் கம்பி மாட்டினேன். ஜெரால்டு ஒரு ஸ்வரத்தை அழுத்தி விரலை மெதுவாக மேலே இழுத்தான். அறை முழுக்க அது நின்று பாடியது. அவன் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். நான் மட்டும் அந்த மங்கல் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

3. ஐந்தாம் இடம்

சனிக்கிழமை அவனோடு நானும் போனேன். கிட்டார் பெட்டி என் கையில் இருந்ததால் வாட்ச்மேன் என்னையும் வாசிக்கிறவன் என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டார்.

உள்ளே குளிரில் பல் கிட்டியது. வயலின்கள் வரிசையாக, தபலா கண்ணாடித் தடுப்புக்குள், பேஸுக்கு மூலையில் ஒரு ஸ்டூல். அப்போதெல்லாம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்து எடுப்பார்கள். ஒருவர் தப்பு செய்தால் அத்தனை பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிறவரை மாஸ்டர் என்பார்கள். இந்த மாஸ்டர் குரலை உயர்த்தாதவர், அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

முதல் மானிட்டர் நன்றாகப் போனது. ஒத்திகைக்கு அங்கே மானிட்டர் என்று பெயர். சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்றுவிடும், பேஸ் மட்டும் தனியாக ஒரு வழுக்கு வழுக்கி ஏற வேண்டும். தடிக் கம்பியிலிருந்து எண்ணினால் இரண்டாவது கம்பியில், ஃப்ரெட் இருந்திருந்தால் மூன்றாவது ஃப்ரெட் விழுகிற இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு. ஜெரால்டு ஏறினான். மாஸ்டர் தலையை ஆட்டினார்.

இரண்டாவது மானிட்டரில் அதே இடத்தில் ‘ஸ்ர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது.

"பேஸ்ல என்னப்பா, ஈ பூந்த மாதிரி கேக்குது?" என்றார் மாஸ்டர். "டீ சாப்பிட்டு வாங்க எல்லாரும். வந்ததும் டேக். அதுக்குள்ள சரி பண்ணு. சரியாகலேன்னா கீபோர்டுல வாசிச்சிக்கலாம்."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். நான் பயந்த அதே இடம். ஐந்தாம் இடத்தில் கம்பிக்கு அடியில் பூச்சு ஒரு கொப்புளமாகத் தூக்கியிருந்தது. மிச்சமிருந்த எண்ணெயும் ஏ.சி. குளிரும் சேர்ந்து வேலையைக் காட்டிவிட்டன. கம்பி அதில் உரசியது. பிளேடால் கொப்புளத்தை எடுத்தால் பள்ளம் விழும், சத்தம் இன்னும் மோசமாகும். பத்து நிமிஷத்தில் அதற்கு ஒரு வைத்தியமும் கிடையாது.

"போச்சா பாய்?" என்றான் ஜெரால்டு.

பலகையைக் கடைசிவரை விரலால் தடவிப் பார்த்தேன். ஐந்துக்கு மேலே எல்லாம் கெட்டியாக, வழவழவென்று இருந்தது.

"இதே ஸ்வரம் மேல் கம்பில, அந்தத் தடிக் கம்பில, பத்தாவது எடத்துல இருக்குல்ல? எட்டுலேர்ந்து பத்துக்கு ஏறு. அங்க பூச்சு அசையாது, அதுக்கு நான் பொறுப்பு."

"அங்க நான் வாசிச்சதே இல்ல பாய். எடம் தெரியாது. ஒரு நூலு தவறுனாலும் அபஸ்வரம்."

பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து, கழுத்தின் ஓரத்தில் எட்டையும் பத்தையும் அளந்து கோடு போட்டேன். அவன் ஏறிப் பார்த்தான். முன்வரிசையிலிருந்த வயலின்காரர் ஒருவர் டீ தம்ளரோடு திரும்பி, "ஸ்ருதி இறங்கிண்டு நிக்கறதேப்பா" என்றார். மறுபடி ஏறினான். "இப்போ தூக்கிண்டு போறது." மூன்றாவது தடவை அவர் உதட்டைப் பிதுக்கினார். ஆட்கள் திரும்பி வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜெரால்டு கட்டைவிரலை நாக்கில் தொட்டு, நான் போட்ட இரண்டு கோட்டையும் அழித்துவிட்டான்.

"ஏய், என்னடா பண்ற!"

"கோட்டப் பாத்தா கோட்டுலயேதான் பாய் நிப்பேன். வேணாம், வுட்டுடு."

மூன்றாவது கம்பியை விரல் வைக்காமல் மெல்லத் தட்டினான். அதுவும் அதே ஸ்வரம்தான். கிட்டாரின் உடம்பில் காதை அழுத்தி வைத்துக்கொண்டு தடிக் கம்பியில் விரலை இழுத்தான். இரண்டு சத்தமும் அலை அடித்து, அலை மெதுவாகி, ஒன்றாகிவிட்டது. இன்னொரு தடவை செய்தான். அதற்கு மேல் நேரமில்லை, சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. நான் கதவோரம் போய் நின்றேன்.

டேக் ஆரம்பித்தது. பல்லவி போனது. வயலின்கள் ஏறி இறங்கின. சரணத்துக்கு முன்னால் எல்லாம் நின்றது. ஜெரால்டு கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தடிக் கம்பியில் அந்த ஸ்வரம் கீழேயிருந்து கிளம்பி, அவசரமே இல்லாமல் ஏறி, ஏறின இடத்தில் நின்றது. கம்பி தடி என்பதால் முன்னைவிட இன்னும் கனமாகக் கேட்டது. வயலின்காரர் வில்லைத் தூக்கியபடியே புருவத்தை உயர்த்தினார்.

"ஓகே" என்றது ஸ்பீக்கர்.

மாஸ்டர் ஆள் கூப்பிடுகிற மேனேஜரைப் பார்த்து, "அந்தப் பையன் பேரு எழுதிக்கோ. திங்கக்கெழம ஏழு மணி" என்றார். பிறகு ஜெரால்டிடம், "சாதா பேஸ் வச்சிருக்கேல்ல? அதைக் கொண்டா. இந்த டப்பா வேணாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பாடுபட்டது அந்த டப்பாவுக்காகத்தானே. ஆனால் யோசித்தால் அவர் சொன்னது நியாயம். நான் பயந்து பயந்து மாய்ந்து மாய்ந்து சுரண்டிய இடம் கைவிட்டுவிட்டது. சும்மா ஒரு பூச்சு போட்டு விட்ட இடம் காப்பாற்றியது. ஜெரால்டுக்கு வெள்ளிக்கிழமையே அந்த இடத்தைக் காட்டியிருந்தால் இன்னொரு நாள் பழகியிருப்பான். அதற்குப் பிறகு எந்த வாத்தியத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதும் பழுது எங்கே என்று மட்டும் சொல்லி அனுப்பியதில்லை. எங்கே நன்றாக இருக்கிறது என்பதையும் வாசிக்கிறவன் விரலைப் பிடித்து வைத்துக் காட்டிவிடுவேன். நடுக்கச்சேரியில் அவன் ஓடி ஒதுங்க வேண்டியது அங்கேதான். தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் பிளேடு பெயரை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்க வேண்டாம்.

கேட்டுக்கு வெளியே எஸ்.டி.டி. பூத் இருந்தது. ஜெரால்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். இரண்டு பேருக்கு அதில் இடமில்லை, கதவு மூடவில்லை. நங்கநல்லூர் நம்பரைச் சுழற்றினான்.

"மச்சான், ஜெரால்டு பேசறேன். திங்கக்கெழம நான் கடைக்கு வர்ல... இல்ல மச்சான், ஒடம்புக்கு ஒண்ணுமில்ல..." அந்தப்பக்கம் மச்சான் கத்துவது எனக்கே கேட்டது. ஜெரால்டுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை. மச்சான் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்:

"திங்கக்கெழம எனக்கு வேலை கீது மச்சான்."