பிரேமினியின் ஊசிப் பை

கைவேலை செய்கிறவர்களுக்கு ஊசி, கத்தரிக்கோல், உளியெல்லாம் வைக்கப் பை தைத்துக் கொடுப்பது ஜெனிதாவின் தொழில். தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில், ஜன்னலோரம் மெஷினைப் போட்டிருந்தாள். யார் வந்து கேட்டாலும் அவர்களுடைய சாமான்களைக் கொண்டுவரச் சொல்லி, மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டுத்தான் துணியில் கத்தரி வைப்பாள்.

பிரேமினி கேட்டபோது அதற்கு வழியில்லை. அவள் ஜோர்தானில் இருந்தாள்.

கட்டுநாயக்காவில் கார்மெண்ட் வேலை செய்த காலத்தில் இருவரும் வாடகைக்கு எடுத்த ஒரே போடிங் அறையில், ஒரே பாயில் படுத்தவர்கள். வேலை முடிந்து வந்தும் பிரேமினியின் கை சும்மா இருக்காது. கொக்கி ஊசியால் எதையாவது பின்னிக்கொண்டே பேசுவாள். கேட்டபடியே ஜெனிதா தூங்கிப்போவாள். அம்மாவுக்கு முடியாமல் போக, ஜெனிதா ஊருக்குத் திரும்பினாள். மறு வருஷம் பிரேமினி வெளிநாட்டுக் கார்மெண்ட் வேலைக்குப் போய்விட்டாள்.

“ஊசியெல்லாம் தலகாணிக்கு அடியில கெடக்குதுடி. ஒரு பை தச்சு அனுப்பேன்” என்றாள் போனில்.

ஜெனிதா அன்றே உட்கார்ந்தாள். மலையில் எல்லாமே ஈரம் கோத்துக்கொள்ளும், ஊசி துருப்பிடித்துவிடும். அதனால் உள்ளே தடித்த பிளானல் துணி வைத்து, காற்றுப் போக மேல்பக்கத்தைத் திறந்தே விட்டாள். முடித்துப் படம் அனுப்பினாள்.

“அழகா இருக்கு ஜெனி. ஆனா இங்க ஈரமே கெடையாது. கதவ மூடுனாலும் மண்ணுதான் பறந்து வருது.”

ஜெனிதா பையை எடுத்து மடியில் வைத்தாள். பிரேமினி படுக்கிற இடம்கூடத் தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

தையலைப் பிரித்தாள். கேட்கத் தொடங்கினாள். எந்தப் பக்கம் தலை வைக்கிறாள், மாட்டுவதற்குக் கம்பி இருக்கிறதா, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது. இரண்டு தட்டு இரும்புக் கட்டில், எனக்குக் கீழ்த்தட்டு, சுவரைப் பார்த்துத்தான் படுப்பேன் என்று பிரேமினி சிரித்துக்கொண்டே சொன்னாள். காலையில் யார் எழுப்புவது, லீவு நாளில் யாரோடு கடைக்குப் போவது என்பதெல்லாம் பைக்குத் தேவையில்லாத கேள்விகள். ஜெனிதா அவற்றையும் கேட்டாள்.

அளவு கேட்டபோது, பெரிய ஊசி தன் நடுவிரலைவிட ஒரு விரற்கடை நீளம் என்றாள் பிரேமினி. அவள் விரல்கள் தன் விரல்களைவிட நீளம் என்பது ஜெனிதாவுக்கு ஞாபகம் இருந்தது. அதற்கும் சேர்த்து இடம்விட்டு வெட்டினாள். மண் புகாத மூடியும், கம்பியில் கட்ட நாடாவும் வைத்தாள். கினிகத்தேனையிலிருந்து ஜோர்தானுக்கு வேலைக்குப் போன ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினாள்.

பை போய்ச் சேர்ந்ததும் பிரேமினி அழைத்தாள். கச்சிதமாக இருக்கிறது, உள்ளே ஒரு பொட்டு மண் இல்லை என்றாள். நத்தார் பண்டிகைக்கு ஊருக்கு வருவதாக இருந்தவள், ஒப்பந்தத்தை நீட்டிவிட்டதையும் அதே மூச்சில் சொன்னாள். 

“இன்னொரு பை வேணும் ஜெனி. மேல் கட்டில்ல படுக்குற பங்களாதேஷ் புள்ளைக்கு. அவளுந்தான் பின்னுவா. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே பின்னுவோம், அப்புடியே தூங்கிருவோம்.”

சரி, தைக்கிறேன் என்றாள் ஜெனிதா.

அந்தப் பையையும் அவள் குறை வைக்காமல்தான் தைத்தாள். மேல் கட்டிலின் சுவரோரக் கம்பியிலிருந்து தொங்கும்போது அதன் பின்பக்கம் கீழே படுத்திருக்கும் பிரேமினியின் கண்ணில்தான் படும். அந்தப் பக்கத்துக்கு, தன்னிடம் இருந்ததிலேயே நல்ல பூப்போட்ட துணியைத் தேடியெடுத்து வைத்தாள்.