தோளில் ஓர் அம்பு

எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் அம்மா, இடது மணிக்கட்டில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்களை வரிசையாக ஒட்டியிருப்பார். துணியில் ஓட்டையோ கறையோ கண்ணில் பட்டால் ஒன்றை உரித்து அந்த இடத்தில் ஒட்டுவார். அப்புறம் மேனேஜரே வந்து கெஞ்சினாலும் அந்தப் பீஸ் பாஸாகாது.

ஆண்டு விழாவுக்குப் பத்துப் பேர் நடித்து, தங்களில் யார் கொலைகாரர் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டும். போன வருடம் நான் எடுத்ததில் ஆபீஸ்காரர்கள் மட்டுமே பேசினார்கள். டெய்லர்கள் கொட்டாவி விட்டார்கள். இந்த முறை மூன்று விளையாட்டுகளை அச்செடுத்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் தனிக் கவரில் போட்டு ஒட்டி, செக்கிங் அம்மாவிடம் கொண்டுபோனேன். ஆடப்போகும் பத்துப் பேரில் அவரும் ஒருவர்.

அவர் எதையும் பிரிக்கவில்லை. துணியின் கனம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு கவரையும் இரு விரலால் தடவினார்.

"இதுல ரெண்டு பேருக்குத்தானுங்க பேச்சு. மத்தவங்க வேடிக்கை பாக்கோணும்."

அம்பு ஒட்டினார். அடுத்ததற்கும் அம்பு. மூன்றாவதில் பத்துக் கவரும் ஒரே கனம்.

"இது பாஸுங்க."

விழாவில் எல்லோரும் பேசினார்கள். எப்போதும் வாயே திறக்காத ஓவர்லாக் டெய்லர் மேனேஜரை நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்தார். கடைசியில் கொலைகாரர் என்று எல்லோரும் மேனேஜரையே கைகாட்டினோம். தினமும் எங்கள் தப்பைப் பிடிப்பவர்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

செக்கிங் அம்மா நிதானமாக எழுந்து, மணிக்கட்டிலிருந்து ஓர் அம்பை உரித்துத் தன் தோளில் ஒட்டிக்கொண்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

சாயங்காலம் வேலம்பாளையம் பஸ்ஸில் அவர் ஏறியபோதும் அந்த அம்பு தோளிலேயே இருந்தது.