பல்சக்கரத்தில் வைத்த பொட்டு

வேறோர் இடத்தில் இன்ஜின் வேலை முடித்து வாங்கிய என் கார், வேங்கிக்கால் மெக்கானிக் ஷெட்டில் நடுங்கிக்கொண்டு நின்றது. இன்ஜின் மூடியைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், "டைமிங் செயினை ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்காங்க மேடம்" என்றார். இதே கோளாறை எங்கள் வீட்டில் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் வாடகைக் கார் இன்ஜினைச் சித்தப்பா எங்கள் வாசலில் பிரித்துப் போட்டிருந்தார். சாக்கில் பரப்பிய சாமான்களிலெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம். செயின் மாட்டும் இரண்டு பல்சக்கரங்களிலும் நேருக்கு நேர் வரவேண்டிய பல்லுக்கு, பெயிண்ட் இல்லாததால், குங்குமத்தை எண்ணெயில் குழைத்து அடையாளம் வைத்திருந்தார்.

மறுநாள் ஆயுத பூஜை. "எல்லாத்தையும் தொடைச்சிப் பொட்டு வைடி" என்றாள் அம்மா. பளபளவென்று துடைத்தேன்; பல்சக்கரங்களில் இருந்த பழைய குங்குமமும் அதோடு போனது. சக்கரங்களில் எனக்குப் பிடித்த பல்லாகப் பார்த்துக் குங்குமம் வைத்தேன்.

சித்தப்பா அதையே தன் அடையாளமென்று நம்பி மாட்டிவிட்டார். கார் உதறி, படபடவென்று வெடித்து, அடி அண்ணாமலை பக்கம் சவாரியோடு நின்றுபோனது.

"தொழில் தெரியாதவன் எதுக்குடா கை வெச்ச?" தெருவே கேட்க அப்பா கத்தினார்.

சித்தப்பா மறுபடி பிரிக்க உட்கார்ந்தார். ஸ்பேனர்களில் வரிசையாக இருந்த என் பொட்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என் தப்புதான்ணா" என்றார்.

அதன்பின் அப்பா அவரை வண்டியைத் தொடவே விடவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

"வேலை தெரியாத ஆளுங்க மேடம்" என்றார் மெக்கானிக், கையைத் துடைத்தபடி.

"அவரைச் சொல்லாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

அன்றைக்கே அப்பாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது அது.