மகளின் முதல் வருடமும் பஸ்ஸில் வந்த அக்காவும்

சென்ற விஜயதசமியன்று காலை, மகளுக்கு ஏடு தொடக்குவதற்காகக் கோப்பாயிலிருந்து நல்லூருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மூன்று வயது மகள் பட்டுப் பாவாடை கசங்க என் மடியில் நித்திரை. கணவர் பிரான்சில். அவள் வயிற்றில் இருக்கும்போது போனவருக்கு அங்கே தங்குவதற்கான விசா அலுவல் முடியாததால், பிள்ளையை இன்னும் நேரில் பார்க்கக் கிடைக்கவில்லை. "அவள் அரிசியிலை எழுதிறதை முழுசா வீடியோ எடுத்து அனுப்பும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

எதற்கும் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம் என்று போனைத் திறந்தால், இடமில்லை என்றது. பத்திக்கொண்டு வந்தது எனக்கு. படம் எடுப்பதென்றால் என் கை ஓயாது; ஒழுங்குபடுத்துவது மட்டும் எப்போதும் நாளைக்குத்தான். எல்லாப் படங்களும் இணையத்தில் ஏறிக் கிடக்கின்றனவே, போனில் இருப்பவை வீண்சுமைதானே என்று நினைத்து, மகளின் முதல் வருடத்தை அப்படியே தெரிவுசெய்து அழித்தேன். தவழ்ந்தது, பல் முளைத்தது, முதல் அடி வைத்தது எல்லாம் அதற்குள். அப்போதும் இடம் வரவில்லை. அழித்தவை போனின் குப்பைத்தொட்டியில் கிடந்தன. அதையும் காலி செய்யப் போனேன்.

பக்கத்தில் இருந்த அக்கா ஏறியதிலிருந்தே என் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இவவுக்கு வேறு வேலை இல்லையா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையைப் பிடித்துவிட்டார்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. உந்தப் படங்களை அழிச்சா இணையத்திலை ஏத்தினதும் சேர்ந்து போயிடும்."

"இல்லையக்கா, அது வேறை, இது வேறை" என்றேன் வெடுக்கென்று.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். செத்துப்போன அம்மான்ரை படம் எல்லாம் போயிட்டுது. இப்ப வீட்டுச் சுவரிலை கொழுவியிருக்கிறது அவவின்ரை அடையாள அட்டைப் படம்தான்."

அதற்குமேல் எதையும் தொடாமல் போனை அவரிடமே கொடுத்தேன். அழித்த அத்தனையையும் அவர் மீட்டுத் தந்தார். இணையத்தில் பத்திரமாக ஏறியவற்றைப் போனிலிருந்து மட்டும் நீக்குவதற்கு வேறு வழி இருந்தது, அதையும் காட்டினார். தேவையான இடம் வந்துவிட்டது. இறங்கும்போது மகளின் கன்னத்தைத் தடவி, "வடிவா எழுத வேணும், என்ன" என்றுவிட்டுப் போனார்.

கோயிலில் ஐயர் விரலைப் பிடித்ததும் மகள் வீரிட்டு அழுதாள். வீடியோவில் எழுத்தைவிட அழுகைதான் அதிகம்.

இந்த வருடம் விசா கிடைத்து கணவர் ஊருக்கு வந்தார். மறுநாளே மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, பிறந்த நாளிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் அடி வைத்த வீடியோவை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது எனக்குப் பெயர்கூடத் தெரியாத அந்த அக்காவின் முகம்தான் வந்து நின்றது. தன் அம்மாவின் படங்கள் இனி வரப்போவதில்லை என்று தெரிந்த ஒருவர், முன்பின் அறியாத என் பிள்ளையின் படங்களுக்காக அப்படிப் பதறினாரே என்று நினைக்கும்போது இன்றும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.