பாறை ஓவியத்துக்குக் காவல்

திண்டிவனம் பக்கத்துக் குன்றில் ஆதிமனுஷங்க செங்காவியில் வரைஞ்ச ஓவியங்களுக்கு நான் காவல்காரன். பேச்சுத்துணை இல்லாத வேலை பார்க்கிறவங்க இதைப் படிச்சா, என் சங்கடம் சொல்லாமலே புரியும்.

கத்திரியில் மழை

முன்னெல்லாம் கத்திரி வெயில்ல பாறை காய்ஞ்சு கிடக்கும், அவ்வளவுதான். இப்போ கத்திரி நடுவிலேயே மழை கொட்டுது. ஒருநாள் மத்தியானம், கைவைக்க முடியாத சூட்டில் இருந்த பாறைமேல திடீர்னு பெய்ய ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துல படார்னு சத்தம். ஓவியத்துல மானோட பின்னங்கால் இருந்த இடம் செதிலாப் பெயர்ந்து கீழே கிடந்தது.

அதைத் துண்டில் ஏந்திக்கிட்டு, விழுப்புரத்தில் இருக்கிற தொல்லியல் துறை அதிகாரி அம்மாவுக்குப் போன் பண்ணி, ஒட்ட முடியுமான்னு கேட்டேன். அவங்க சொன்னாங்க: "பத்திரமா வைங்க. இந்த வருஷம் இப்படிப் போன் பண்றது நீங்க மட்டும் இல்லைங்க."

ஒதுங்க வந்தவர்கள்

பங்குனியில் ஒரு மழை. வல்லம் பக்கத்துல வேர்க்கடலை போட்ட விவசாயி ஒருத்தர், சம்சாரத்தோட பைக்கில் போனவர், பாறைக்கடியில் ஒதுங்கினார். "சுவத்துல சாயாதீங்க, ஈரம் பட்டா ஓவியம் போயிடும்"னு சொன்னேன். தள்ளி நின்னுக்கிட்டாங்க.

ஓவியத்தை நெனைச்சா மழை நிக்கணும். என்னை நெனைச்சா நிக்கக்கூடாது. குன்றுமேல ஒரு ஆள்கிட்ட பேசி அத்தனை நாளாகியிருந்தது. சுவர் நனையிற கதையை விடாம சொல்லிக்கிட்டிருந்தேன். அந்தம்மா வானத்தையே பார்த்துக்கிட்டிருந்து, கடைசியில் மெதுவாச் சொன்னாங்க: "உங்களுக்குச் செவுரு நனையுது. எங்களுக்குப் புடுங்கிப் போட்ட மல்லாட்டை நனைஞ்சிக்கினு கெடக்குதுங்க."

மூணு பேர்

பாறைக்கடியில் இருக்கிற குகையோட உள்சுவத்துல மூணு பேர் கைகோத்து ஆடுற மாதிரி ஓவியம். அடிவாரத்து டீக்கடைக்காரர் தினமும் கேலியாக் கேட்பார், "மேல எல்லாரும் சௌக்கியமா?"

கார்த்திகைப் புயலுக்கு அப்புறம் வழி திறந்ததும் ஏறிப் பார்த்தேன். மேலேர்ந்து தண்ணி வழிஞ்சு, ஓரத்தில் நின்னவர் இருந்த இடம் வெள்ளையா இருந்தது. தடவிப் பார்க்கக்கூட எனக்கு அனுமதி இல்லை. பக்கத்தில் இருந்தவரோட கை மட்டும் நீட்டினபடியே இருந்தது. சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இறங்கினதும் டீக்கடைக்காரர் வழக்கம்போலக் கேட்டார். "ஒருத்தர் போயிட்டாரு"ன்னேன். எப்பவும் சிரிக்கிறவர் அன்னிக்குச் சிரிக்கலை. அடுப்பைத் தணிச்சுட்டு பெஞ்சைத் துடைச்சார். "கொஞ்ச நேரம் உக்காந்துக்கினு போங்கண்ணே."

மனுஷங்க யாரும் ஓவியத்தைத் தொடாம பார்த்துக்கிறதுதான் என் உத்தியோகம். வெயிலும் மழையும் மட்டும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காமலே தொட்டுட்டுப் போகுது.