ஓடும் இரும்பின் வெளிச்சத்தில் ஒரு முகம்

ஆயுத பூஜையன்று காலை ஏழு மணிக்குச் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய். மடியில் புதுக் கேமரா. எனக்குச் சிறுவயதிலிருந்தே கை நடுக்கம். கல்யாண வீடுகளில் நான் எடுத்த படங்களில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நாலு நாலு கண் இருக்கும். இந்தக் கேமராவுக்குள் நடுக்கத்தைத் தாங்கும் கருவி இருக்கிறது, கை எப்படி ஆடினாலும் படம் ஆடாது என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்.

அத்திப்பட்டு தாண்டும்போது வல்லூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளை ஓடும் ரயிலிலிருந்தே எடுத்துப் பார்த்தேன். துல்லியமாக விழுந்தது. அதோடு எனக்குத் தலைகால் புரியவில்லை.

கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய் கொடுத்துச் சிப்காட் பக்கம் போனேன். அங்கே கட்டடக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில்லில் என் பள்ளித் தோழன் சூப்பர்வைசர். மதியத்தோடு உலையை அணைத்துவிடுவார்கள், அதற்குள் படம் எடுத்துக்கொள் என்று அனுமதி வாங்கி வைத்திருந்தான். என்னை உள்ளே அழைத்துப்போக வேண்டியவர் தேவராஜ், அங்கே பல வருடமாக வேலை செய்கிறவர். முதலில் அவர் வீட்டில் நாஷ்டா.

அவர் மனைவி ஸ்டெல்லா இட்லி வைத்துக்கொண்டே பேசினார். "வருசா வருசம் சாயங்காலம் பூஜைக்கு எங்களக் கூப்புடுவாங்க சார். போனா மெசினு சந்தனம் பூசிக்கினு சும்மா நிக்கும். பொரி துன்னுட்டு வந்துடுவோம். அது ஓடறப்போ இவரு இன்னா பண்றாருன்னு ஒரு தபா பாக்கணும். ஒரு போட்டோ புடிச்சிக் குடுங்க சார்."

"ஓரமா நின்னுகினு பாத்துக்கற வேலை. அத்த இன்னாத்துக்குப் போட்டோ?" என்றார் தேவராஜ், தட்டிலிருந்து நிமிராமல்.

நான் எடுத்துத் தருகிறேன் என்று ஸ்டெல்லாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மில் கொட்டகைக்குள் பட்டப்பகலிலும் இருட்டு. என்னை ஒரு தூணோரம் நிறுத்திவிட்டுத் தேவராஜ் வேலைக்குப் போனார். உலையிலிருந்து செக்கச்செவேலென்று ஓர் இரும்புத் துண்டு வந்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே நுழைந்து, மறுபக்கம் நீண்ட கம்பியாகப் பாய்ந்தது. அதற்கு நேர் எதிரே ஒருவர் இடுக்கியோடு நின்றார். பாய்ந்து வந்த முனையைக் கவ்வி, உடம்போடு அரைவட்டம் திரும்பி, அடுத்த உருளைகளின் இடுக்கில் கொடுத்தார். மீதிக் கம்பி அவர் காலுக்குப் பக்கத்தில் நெருப்பு வளையமாகத் தரையில் புரண்டு ஓடியது. அவர் நிமிர்வதற்குள் அடுத்த கம்பி. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அது தேவராஜ்தான் என்று எனக்கு உறைக்கவே சற்று நேரம் பிடித்தது. ஓரமாக நிற்கிற வேலையாம்.

கேமராவைத் தூக்கினேன். சுவர், தூண், மேலே தொங்கிய சங்கிலியின் ஒவ்வொரு கண்ணி என எல்லாம் தெளிவாக விழுந்தது. தேவராஜ் இருந்த இடத்தில் மட்டும் ஒரு புகைத்தடம். இருட்டில் படம் விழ வேண்டுமானால் ஷட்டர் மெதுவாக மூட வேண்டும். அது மூடுவதற்குள் அவர் திரும்பிவிடுகிறார். கேமரா என் கையைத்தான் பிடித்துக்கொள்ளும், அவரை எப்படிப் பிடிக்கும்? வேகத்தைக் கூட்டினேன். படம் முழுக்கக் கறுப்பு.

அந்தச் சூட்டில் ஒருவரே தொடர்ந்து நிற்க முடியாது என்பதால் ஆள் மாறி மாறி நிற்பார்கள். ஓய்வுக்கு வந்த தேவராஜ் படங்களைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தார். "சூப்பரா கீது சார். இத்தையே காட்டிடுங்க. ஆளே தெரில." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ நெசமாப் பாத்துட்டான்னா நாளைக்கி வேலைக்கி அனுப்ப மாட்டா சார்."

அவர் மறுபடி உருளைக்கு எதிரே போய் நின்றார். இந்த முறை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி இடுக்கியில் சிக்கும்போது அதன் வெளிச்சம் அவர் முகம் முழுக்க ஏறுகிறது. வேறு விளக்கு எதற்கு? நடுக்கம் தாங்கும் கருவி நான் திரும்புவதையும் தடுத்துவிடும் என்று அதை அணைத்தேன். அவர் முகத்தையே குறிவைத்து, அவர் திரும்பத் திரும்ப நானும் இடுப்போடு கூடவே திரும்பிக்கொண்டு எடுத்தேன். பெரும்பாலும் வீண். உலையை அணைப்பதற்குச் சற்று முன்னால் ஒன்று விழுந்தது. அதில் கொட்டகை முழுவதும் கோடு கோடாக ஓடிக்கொண்டிருக்க, நடுவே அவர் முகம் மட்டும் அசையாமல் நின்றது, வியர்வைத் துளிகள்கூடத் தெரிய. காலடியில் நெருப்பு வளையம்.

மாலையில் கொட்டகையைக் கழுவி, உருளைகளுக்கு மாலை போட்டார்கள். குடும்பங்கள் வந்தன. கேமராவைத் தேவராஜிடமே கொடுத்தேன். "ரெண்டு படமும் இதுல இருக்கு. எதைக் காட்டணுமோ நீங்களே காட்டுங்க."

அவர் புகைத்தடத்தைக் காட்டினார். "இன்னாய்யா இது, மெசினுதான் தெரியுது. நீ எங்க?" என்றார் ஸ்டெல்லா. அந்த முகம் வாடியதைப் பார்த்துத் தேவராஜ் கொஞ்சம் தயங்கினார். பிறகு அவரே அடுத்த படத்துக்குப் பொத்தானை அழுத்தினார்.

ஸ்டெல்லா படத்தைப் பார்த்தார். எதிரே மாலையோடு ஆறிப்போய் நின்ற உருளைகளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இத்தக் காலாண்ட வெச்சிக்கினா டெய்லி நிக்கற?"

தேவராஜ் தலையாட்டினார்.

"ஊட்டுக்கு வந்து சாம்பார்ல உப்பு இல்லன்னு மட்டும் சொல்லத் தெரிஞ்சிது."

பூசாரி உருளைகளுக்குச் சந்தனம் வைத்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார். ஸ்டெல்லா அதிலிருந்து ஒரு கை அள்ளி, தேவராஜின் முன்கைகளில், பொறி பட்டுக் கறுத்த புள்ளிகளின் மேல் நிதானமாகப் பூசினார். சுற்றிலும் ஆட்கள் இருந்தும் தேவராஜ் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கி உலை எத்தினி மணிக்கிப் பத்த வெப்பாங்க?"

"ஆறு மணிக்கி."

"அஞ்சுக்கே எழுப்பறேன். வயிறு நெறைய துன்னுட்டுப் போ."

என் வீட்டுக்குத் தளம் போட்டபோது இதே கம்பிகள் வாசலில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. போக வர மிதித்துக்கொண்டுதான் நடந்தேன். அன்று வீடு திரும்பிப் படுத்ததும், தலைக்கு மேலே அத்தனை கம்பியும் சிவந்து ஓடுவது போலிருந்தது. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு முகம் தெரிந்தது.