எங்கள் வீட்டு மேலறை

போன மாரிகாலத்தில் எங்கள் சபை கூடிவந்த மண்டபத்தை விற்றுவிட்டார்கள். லண்டனில் நாங்கள் இருக்கும் இல்ஃபோர்ட் முழுக்க வேறு இடம் தேடி அலைந்தோம். கிடைக்கவில்லை. கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர், "இனி கிட்டடியில இருக்கிற சபையளுக்குப் போங்கோ" என்றார். அன்று நான் அழுத அழுகை கர்த்தருக்குத்தான் தெரியும். இந்த ஊரில் எனக்குத் தாய்வீடு என்று இருந்தது அந்தச் சபை ஒன்றுதான்.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெரிய அறை சும்மா கிடந்தது. ஆனால் என் கணவர் சைவர். கீழே அவருடைய சாமி அறை. நான் வெளியே போய் ஜெபிக்கலாம், வீட்டுக்குள் கூட்டம் கூட்டக் கூடாது என்று கலியாணத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தோம். ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"ஒரு வீட்டுக்கை ரெண்டு கும்பிடு சரிவராது" என்றார்.

அன்றிலிருந்து, "ஆண்டவரே, நீரே ஒரு கதவைத் திறவும்" என்று அடுப்படியில் நின்றபடியே ஜெபித்து வந்தேன்.

பழைய இடிபாடுகள் என்றால் அவருக்கு உயிர். வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, கென்ட் பக்கம் ரோமர் காலத்து வீடு ஒன்றைப் பார்க்க என்னையும் கூட்டிப்போனார். இந்த நாடு ரோமப் பேரரசின் ஒரு மாகாணமாக இருந்தபோது கட்டிய வீடு. அந்த நாட்களில் கிறிஸ்தவ விசுவாசம் இங்கே வீடுகளுக்குள்தான் வளர்ந்தது என்று வழிகாட்டிய பெண் விளக்கினார். மேலறைச் சுவரில், கைகளை விரித்து ஜெபிக்கிறவர்களை வரைந்திருந்தார்களாம். கீழறையில் ரோமர் முன்பு கும்பிட்ட நீர்த்தேவதைகளின் படம். மேலே ஜெபம் தொடங்கிய பிறகும் கீழே யாரோ படையல் வைத்து வந்திருக்கிறார்கள்.

என் கணவர் அந்தக் கீழறையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப கீழ கும்பிட்ட ஆக்களை ஒருத்தரும் கலைக்கேல்லையோ?"

"இல்லையாம்" என்றேன்.

திரும்பி வரும்போது காரில் அவராகவே சொன்னார்: "உம்மட ஆக்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லும். மேலறை சும்மாதானே கிடக்குது."

எனக்குக் கண்ணீர்தான் வந்தது.

நான் கேட்டது கூடிவர ஓர் இடம். கர்த்தர் என் கணவரின் மனதையே தந்தார். பிரியமானவர்களே, முடிந்துபோனது என்று நீங்கள் நினைக்கிற காரியத்தையும் அவரிடம் ஒப்புவியுங்கள். அவர் கைவிடமாட்டார்.

இன்றும் வெள்ளிக்கிழமைகளில் என் கணவர் கீழே விளக்கேற்றுகிறார். ஞாயிறு காலையில் வாசல் மணி அடித்தால், நான் படியிறங்கி வருவதற்குள் கதவைத் திறந்து, "வாங்கோ, மேல போங்கோ" என்று சொல்கிறவரும் அவர்தான்.